பொட்டிப்புரத்து வானம் – 9: சூரியனே எடைக்கல்

போன அத்தியாயத்தை 2015 ஜனவரி 5-ஆம் தேதியில் நிறுத்தியிருந்தேன். பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க, ஏறக்குறைய 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த நாள் அது. அதற்குப் பின் நடந்த வழக்குகளையும் போராட்டங்களையும் இந்த வாரம் எழுத வேண்டும். ஆனால் அதற்குள் நுழையும் முன் ஒருவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பொட்டிப்புரத்துக்குப் போயிருந்தபோது, அம்பரப்பர் மலை எதிரே தெரியும் ஒரு வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நியூட்ரினோ என்னும் நுண்துகள் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று கேட்டார்கள். சூரியனிலிருந்து வருகிறது, தலைக்கு மேலே காற்றுமண்டலத்தில் பிறக்கிறது, வெகு தூரத்து விண்மீன் மண்டலங்களின் நடுவில் இருக்கும் கருந்துளைகளின் பக்கத்திலிருந்தும் வருகிறது என்று சொன்னேன். அந்தக் கருந்துளைகள் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான சூரியன்களின் எடை என்றும் சேர்த்துச் சொன்னேன். அதுவரை பேசாமல் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்:

"அது கண்ணுக்கே தெரியாதுன்னு இப்பத்தானே தம்பி சொன்னீக. தெரியாத சாமானை எந்தத் தராசுல வச்சு நிறுத்தாக?"

"தராசு இல்லீங்கய்யா. அதைச் சுத்தி ஓடுறது எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பார்த்து…"

"ஓடுறதை வச்சு எப்படி எடை தெரியும்?"

சரியான கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் வானியலில் பாதி இந்தக் கேள்விக்குள் அடங்கும். அவருக்கு அன்று சொன்ன பதில் எனக்கு நிறைவு தரவில்லை. அதனால் இந்த அத்தியாயம் அவருக்காக.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அம்பரப்பர் மலைக்குள் வைக்கத் திட்டமிட்ட 50,000 டன் இரும்பு உணர்கருவி கருந்துளையை ஆராய்வதற்கானது அல்ல. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் நம் காற்றில் மோதும்போது உண்டாகும் நியூட்ரினோக்களைப் பிடிப்பதுதான் அதன் வேலை. மற்ற துகள்களையெல்லாம் வடிகட்டத்தான் தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை கேட்டார்கள். கருந்துளையை நிறுத்த கதை வேறு மலைகளில் நடந்தது. அதில் ஒரு மலை பொட்டிப்புரத்திலிருந்து பார்க்கும் தொலைவில்தான் இருக்கிறது.

நெல் அடித்த களத்தில் பிணையல் ஓட்டியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள். மாடுகளை வரிசையாகப் பிணைத்துச் சுற்றவிடும்போது, நடுவில் நிற்கும் மாடு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்பும். வெளி ஓரத்து மாடுதான் ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். கயிறு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியிருப்பதால் அப்படி. வானத்தில் கயிறு கிடையாது, ஈர்ப்பு மட்டும்தான். அங்கே கணக்கு நேர்மாறு: உள்ளே இருப்பது ஓடும், வெளியே இருப்பது மெல்லப் போகும். சூரியனை ஒட்டிச் சுற்றும் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் போகிறது. பூமி 30 கிலோமீட்டர். கடைசியில் இருக்கும் நெப்டியூன் ஐந்தரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

ஏன் உள்ளே இருப்பது ஓட வேண்டும்? ஓடாவிட்டால் சூரியனுக்குள் விழுந்துவிடும். கம்பங்காட்டில் குருவி விரட்டக் கவண் சுற்றுபவர்களுக்கு இது கையிலேயே தெரியும். கல்லை வேகமாகச் சுற்றச் சுற்ற, கயிற்றைப் பிடித்த கை இறுகும். கல்லின் வேகத்தையும் கயிற்றின் நீளத்தையும் சொன்னால், கை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். கையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஈர்ப்பு விஷயத்தில் இழுக்கும் பலம் என்பது நடுவில் இருப்பதன் நிறையைப் பொறுத்தது. எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகம் – இரண்டும் தெரிந்தால் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துபோகும். (நிறை என்பதுதான் சரியான சொல். ஆனாலும் பெரியவர் எடை என்றுதான் கேட்டார். நானும் எடை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.)

ஆக, வானியலாளருக்கு வேண்டியது இரண்டே அளவுகள். தூரம் ஒன்று, வேகம் ஒன்று. கருந்துளைகளை நிறுத்த வரலாறு முழுவதும் இந்த இரண்டையும் அளக்கப் பட்ட பாடுதான்.

வேகத்தை அளக்கும் கலை நம் பக்கத்து மலையில் ஒரு பெரிய நாளைக் கண்டிருக்கிறது. பொட்டிப்புரத்தில் நின்று வடகிழக்கே பார்த்தால், பெரியகுளத்துக்கு மேலே பழனி மலைத்தொடர். காக்கை பறக்கும் நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்குள், மலை உச்சியில் கோடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. அது அங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு பஞ்சம் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிய பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடக்கும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கச் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் எனப் பஞ்ச ஆணையம் பரிந்துரைத்தது. கம்பம் பள்ளத்தாக்கு இன்றும் அதைக் கட்டிய பென்னிகுவிக்கின் பெயரில் கும்பிடும் முல்லைப் பெரியாறு அணைக்கு உயிர் கொடுத்ததும் அதே பஞ்சம்தான். அணை 1895-இல் திறந்தது; ஆய்வகம் 1899-இல் வந்தது. ஒரே துயரத்திலிருந்து பிறந்த இரண்டு குழந்தைகளையும் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஒருசேரச் சொல்லலாம் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்த ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் வேலை பார்த்தார். 1909 ஜனவரி 5 அன்று சூரியப் புள்ளி ஒன்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படமெடுத்தார். (பொட்டிப்புரத் திட்டம் ஒப்புதல் பெற்றதும் ஒரு ஜனவரி 5 என்பது தற்செயல்தான், ஆனாலும் தொடர் எழுதுகிறவனுக்கு அப்படியொரு தேதி கண்ணில் படாமல் போகாது.) நிறமாலையில் தனிமங்களின் கோடுகள் கறுப்பாகத் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் தனக்கென்று ஓர் இடம் உண்டு. அன்று எவர்ஷெட் பார்த்தபோது, புள்ளியின் ஒரு பக்கத்தில் கோடுகள் நீலப்பக்கமும் மறுபக்கத்தில் சிவப்புப்பக்கமும் மயிரிழை அளவு நகர்ந்திருந்தன.

விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்பின் ஹாரன் நினைவுக்கு வரட்டும். நம்மை நோக்கி வரும்போது கீச்சென்று கேட்கிறது. தாண்டிப் போனதும் சத்தம் தடித்து இறங்குகிறது. ஒளியும் அப்படியே. நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலத்துக்குச் சாயும், விலகிப் போவதன் ஒளி சிவப்புக்குச் சாயும். எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் வேகம். எவர்ஷெட் புள்ளிக்குள் வாயு சூறாவளி போலச் சுழலும் என்று எதிர்பார்த்தவர். கோடுகள் வேறொன்றைச் சொல்லின: வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளியே, நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில் வழிந்து போய்க்கொண்டிருந்தது. தான் நினைத்ததை விட்டுவிட்டுக் கோடு சொன்னதை எழுதினார். உலகம் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறது.

கருந்துளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், நுட்பம் ஒன்றுதான். ஒளியைப் பிரி, கோடு நகர்ந்த அளவைப் பார், வேகத்தை எடு. கோடைக்கானலில் இரண்டு கிலோமீட்டர் வேகத்தைப் படித்த அதே வழியில், பின்னாளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகங்களைப் படித்தார்கள்.

அப்படிப்பட்ட வேகங்கள் 1943-இல் கண்ணில் பட்டன. அமெரிக்க வானியலாளர் கார்ல் செய்ஃபெர்ட் ஆறு விண்மீன் மண்டலங்களை ஆராய்ந்து எழுதினார். அவற்றின் நடுப்பகுதி மட்டும் அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருந்தது. அங்கிருந்து வந்த கோடுகள் மெல்லிய இழைகளாக இல்லாமல், பட்டையாக விரிந்து கிடந்தன. கோடு பட்டையாக விரிகிறது என்றால் வாயு எல்லாத் திசையிலும், நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் தாறுமாறாக ஓடுகிறது என்று பொருள். இத்தனை வேகமாக ஓடியும் அந்த வாயு சிதறிப் போகாமல் இருக்க வேண்டுமானால், நடுவில் ஏதோ அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

செய்ஃபெர்ட்டின் கட்டுரை வந்த ஆய்விதழின் அதே தொகுதியில், இருநூறு பக்கங்களுக்கு மேல் தள்ளி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒருவரின் கட்டுரையும் இருக்கிறது. சுப்பிரமணியன் சந்திரசேகர். கனமான ஒரு பொருள் விண்மீன் கூட்டத்துக்குள் நகர்ந்தால், அதன் ஈர்ப்பால் விண்மீன்கள் அதற்குப் பின்னால் குவியும். அந்தக் குவியல் அதைப் பின்னிழுக்கும். இப்படி வேகம் குறையும் என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார். வேகம் குறைந்தது நடுவை நோக்கி அமிழும். பெருங்கருந்துளைகள் ஏன் பெரும்பாலும் மண்டலத்தின் நட்டநடுவில் குடியிருக்கின்றன என்று இன்று விளக்குபவர்கள் இந்தக் கணக்கைத்தான் எடுக்கிறார்கள். ஒரே தொகுதியில் கேள்வியும் விடையின் ஒரு துண்டும் சேர்ந்தே கிடந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க உலகத்துக்கு இன்னும் கால் நூற்றாண்டு வேண்டியிருந்தது.

1963-இல் மார்ட்டன் ஷ்மிட் குவாசர் என்று பெயர் பெற்ற பொருள் ஒன்றின் தூரத்தைக் கண்டுபிடித்தார். விண்மீன் போலத் தெரிந்த புள்ளி உண்மையில் நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து இவ்வளவு வெளிச்சம் தர விண்மீன்களால் முடியாது. கருந்துளைக்குள் விழும் வாயுவால்தான் முடியும் என்று மறு ஆண்டே சால்பீட்டரும் ஸெல்டோவிச்சும் சொன்னார்கள். 1969-இல் டொனால்ட் லிண்டன்-பெல் ஒரு படி மேலே போனார்: குவாசர்கள் அணைந்த பிறகு அந்தக் கருந்துளைகள் எங்கே போயிருக்கும்? அமைதியாக, நம் பக்கத்து மண்டலங்களின் நடுவிலேயே இருக்க வேண்டும். நம் பால்வழியிலும் இருக்கலாம்.

சொல்வது எளிது. நிறுத்துக் காட்ட வேண்டுமே. முதலில் கன்னி ராசியின் திசையில், ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள எம்87 என்ற பேருருவ விண்மீன் மண்டலத்தில் முயன்றார்கள். 1978-இல் வாலஸ் சார்ஜென்ட்டும் பீட்டர் யங்கும் அவர்களுடைய கூட்டாளிகளும் நடுவை நெருங்க நெருங்க விண்மீன்களின் வேகம் கூடுவதைக் கண்டு, அங்கே 500 கோடிச் சூரியன் எடை இருட்டாக இருக்கிறது என்றார்கள். பலர் நம்பவில்லை. விண்மீன்கள் வட்டமாகச் சுற்றாமல் நீண்ட நீள்வட்டங்களில் உள்ளே பாய்ந்து வெளியே போனாலும் வேகம் அப்படித்தான் தெரியும் என்று வாதிட்டார்கள். அந்த எதிர்வாதம் நியாயமானதுதான்.

1994-இல் ஹபிள் தொலைநோக்கி அதே எம்87-இன் நடுவில் ஒரு வாயுத் தட்டைப் பார்த்தது. நடுவிலிருந்து 60 ஒளியாண்டு தூரத்தில், ஒரு பக்கத்து வாயு நொடிக்கு 550 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, மறு பக்கத்து வாயு அதே வேகத்தில் விலகுகிறது. எவர்ஷெட்டின் நீலமும் சிவப்பும் இங்கேயும் அப்படியே. கணக்குப் போட்டால் 200 கோடிக்கு மேல், 300 கோடிக்குள். கருந்துளை இருப்பது பற்றி அதற்குப் பிறகு பெரிய சந்தேகம் எழவில்லை. ஆனால் எடை எவ்வளவு என்ற வழக்கு தீராமல் நீண்டது. 2011-இல் கார்ல் கெப்ஹார்ட் குழு விண்மீன்களை வைத்து 660 கோடி என்றது. 2013-இல் ஜொனெல் வால்ஷ் குழு வாயுவை வைத்து 350 கோடி என்றது. ஒரே பொருளுக்கு இரண்டு தராசு, ஒன்று மற்றதில் ஏறக்குறைய இரு மடங்கு.

இந்த வழக்கில்தான் எனக்கு மிகுந்த ஈடுபாடு. இரு தரப்பும் நேர்மையாகவே அளந்தன. ஆனால் வாயு காற்று போன்றது. ஈர்ப்பு மட்டும் அதை நகர்த்துவதில்லை, கொந்தளிப்பும் வீச்சும் அழுத்தமும் சேர்ந்து தள்ளும். தட்டு எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதைச் சற்றுத் தப்பாக எடுத்தாலும் எடை மாறிப்போகும். விண்மீன்கள் ஈர்ப்புக்கு மட்டுமே கட்டுப்படுபவை. அவற்றை அளப்பது கடினம், ஆனால் அவை சொல்வதை நம்பலாம். 2017 ஏப்ரலில் உலகின் பல மலைகளிலிருந்த ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்து எம்87-ஐக் குறிவைத்தார்கள். 2019 ஏப்ரல் 10 அன்று, இருளைச் சுற்றிய ஒளிவளையத்தின் படம் வெளியானது. வளையத்தின் அகலம் எடைக்கு ஏற்றபடி இருக்கும். அதிலிருந்து எடுத்த எடை 650 கோடிச் சூரியன். விண்மீன்களின் சாட்சியம் நின்றது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நம் பால்வழியின் நடு எங்கே இருக்கிறது என்று சொன்னால் நம்மவர்களுக்கு உடனே விளங்கும்: மூல நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். விருச்சிகத்தின் கொடுக்கு நுனியில் இருக்கும் அந்த விண்மீனுக்கு நம் முன்னோர் ஏன் மூலம் என்று பெயர் வைத்தார்களோ தெரியாது. பால்வழியின் மூலம் அங்கிருந்து எட்டு டிகிரி தள்ளித்தான் இருக்கிறது. 1974-இல் பாலிக், பிரவுன் என்ற இருவர் அங்கே ஒரு மிகச் சிறிய ரேடியோ மூலத்தைக் கண்டார்கள். சாகிட்டேரியஸ் ஏ நட்சத்திரக்குறி என்று அதற்குப் பெயர்.

இடையில் தூசி மறைப்பதால் சாதாரண ஒளியில் அந்த இடம் தெரியாது. அகச்சிவப்பில்தான் பார்க்க வேண்டும். 1992-இல் ரெயின்ஹார்ட் கென்சலின் குழு சிலி நாட்டு மலை ஒன்றிலிருந்தும், 1995-இல் ஆண்ட்ரியா கெஸ்ஸின் குழு ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியிலிருந்தும் அங்குள்ள விண்மீன்களைப் படமெடுக்கத் தொடங்கின. ஆண்டுக்கு ஆண்டு அதே இடத்தை எடுத்தார்கள். இந்த ஆண்டு விண்மீன் இங்கே இருக்கிறது, அடுத்த ஆண்டு சற்றுத் தள்ளி. எஸ்2 என்று பெயரிட்ட ஒரு விண்மீன் 2002-இல் அந்தக் கண்ணுக்குத் தெரியாத புள்ளியை ஒட்டி வளைந்து திரும்பியது. 16 ஆண்டுக்கு ஒரு சுற்று. 2018 மே மாதம் மறுபடி வந்தபோது நொடிக்கு 7,600 கிலோமீட்டருக்கு மேல் போனது. ஒரு விண்மீன் ஒரு பெருங்கருந்துளையை முழுச் சுற்றுச் சுற்றி முடிப்பதை ஒரே தலைமுறை மனிதர்கள் பார்த்துவிட்டார்கள்.

பெரியவரே, இப்போது ஒரு பென்சிலும் காகிதமும் போதும். நாமே நிறுத்துவிடலாம். கெப்ளர் 400 ஆண்டுக்கு முன் தந்த விதியிலிருந்து வரும் கணக்கு: தூரத்தைத் தன்னால் மூன்று முறை பெருக்கி, அதைச் சுற்றுக்காலத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுத்தால் நடுவில் இருப்பதன் எடை வரும். தூரத்துக்குப் பூமி–சூரியன் இடைவெளியும் காலத்துக்கு ஆண்டும் அளவாக வைத்தால், எடைக்கு எடைக்கல் சூரியனே. பூமிக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று, ஒன்று, விடையும் ஒரு சூரியன். எஸ்2 சுற்றும் பாதையின் சராசரித் தூரம் பூமி–சூரியன் இடைவெளியைப் போல் ஏறக்குறைய 1,000 மடங்கு. ஆயிரத்தை மூன்று முறை பெருக்கினால் 100 கோடி. சுற்றுக்காலம் 16, பதினாறு பதினாறு 256. நூறு கோடியை 256-ஆல் வகுத்தால் 39 லட்சம். இன்றைய நுட்பமான கணக்கு ஏறக்குறைய 43 லட்சம் சூரியன். நம் களத்துக் கணக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது, பாருங்கள். 2020-இல் இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பாதி கென்சலுக்கும் கெஸ்ஸுக்கும் போனது.

ஆனால் தனித்தனி விண்மீனாகப் பார்த்து எண்ணும் வசதி நம் பால்வழிக்கு மட்டும்தான். தூரத்து மண்டலங்களில் அத்தனை விண்மீன்களும் ஒரு வெளிச்சப் பொட்டாகச் சேர்ந்துவிடும். சிலவற்றில் அதிர்ஷ்டம் துணைக்கு வந்தது: 1995-இல் எம்106 என்ற மண்டலத்தில் நீராவி மூலக்கூறுகள் ரேடியோ அலையில் மின்னிக்கொண்டே கருந்துளையைச் சுற்றுவதை மியோஷி குழு கண்டு, சுத்தமான கெப்ளர் கணக்கில் அதை நிறுத்தது. ஏறக்குறைய நாலு கோடிச் சூரியன். அப்படி அமைவது அபூர்வம்.

மற்ற பலவற்றுக்கு எதிரொலிதான் வழி. போடிமெட்டு ஏறும்போது பாறைக்கு எதிரே நின்று கூப்பிட்டுப் பாருங்கள். குரல் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கிட்டால் பாறை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். கருந்துளையின் அருகில் விழும் வாயு நிலையாக எரிவதில்லை, கூடும், குறையும். அந்த வெளிச்சம் கூடிய சேதி, சுற்றியுள்ள வேகமான வாயுவைப் போய்ச் சேர்ந்து, அந்த வாயுவும் பிரகாசிக்கச் சில நாட்கள் ஆகும். எத்தனை நாள் தாமதமோ அத்தனை ஒளிநாள் தூரம். கோட்டின் பட்டை அகலத்திலிருந்து வேகம். தூரமும் வேகமும் கிடைத்துவிட்டன, எடையும் கிடைத்துவிட்டது. 1982-இல் பிளாண்ட்ஃபோர்டும் மெக்கீயும் இந்த வழிக்குக் கணக்கு வடிவம் தந்தார்கள். கருவியைவிடப் பொறுமை அதிகம் வேண்டிய வேலை இது. ஒரே புள்ளியை இரவு இரவாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கேதான் கோடைக்கானலின் கதை திரும்பி வருகிறது. எவர்ஷெட் வேலை பார்த்த ஆய்வகம் வளர்ந்து, 1971-இல் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி நிறுவனமாக ஆனது. அது லடாக்கில் ஹன்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், இரண்டு மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை நிறுவியது. அதன் பெயர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி. சந்திரா என்பது நம் சந்திரசேகர்தான். மலையில் குளிர் உயிரை வாங்கும் என்பதால், பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகிறார்கள்.

2007 நவம்பர், டிசம்பரில், அதாவது நம் கார்த்திகை மார்கழியில், சி.எஸ். ஸ்டாலினும் எஸ். ஜெயகுமாரும் சக ஆய்வாளர்களும் அந்தத் தொலைநோக்கியால் எச் 0507+164 என்ற மண்டலத்தை ஏறக்குறைய ஒரு மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். ரோகிணிக்கு நேர் கிழக்கே எட்டு டிகிரி தள்ளி இருக்கிறது அது. நம்மிடமிருந்து சுமார் 24 கோடி ஒளியாண்டு. நடுவின் வெளிச்சம் ஏறி இறங்கியதற்கும், ஹைட்ரஜன் கோடு ஏறி இறங்கியதற்கும் இடையே தாமதம் சுமார் மூன்று நாள். சூரியனை எடைக்கல்லாக வைத்தால் ஏறக்குறைய 96 லட்சம். பிழை வரம்பு பெரிதுதான். அதையும் அவர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். முடிவு 2011-இல் வெளியானது. தாது வருஷப் பஞ்சத்தில் வேர்விட்ட ஒரு நிறுவனம், 24 கோடி ஆண்டுக்கு முன் புறப்பட்ட ஒளியின் எதிரொலியைக் கேட்டு ஒரு கருந்துளையை நிறுத்திருக்கிறது. இதை நம் பள்ளிப் பாடத்தில் ஏன் இன்னும் சேர்க்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அந்த மண்டலத்தின் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். 0507+164 என்பது வானத்தில் அதன் முகவரி. அதற்கு நேர் தெற்கே சுமார் பதினோரு டிகிரியில், ஆனால் பல மடங்கு ஆழத்தில், டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற இன்னொரு மண்டலம் இருக்கிறது. 2017 செப்டம்பர் 22 அன்று தென்துருவப் பனிக்கு அடியில் உள்ள ஐஸ்கியூப் உணர்கருவியில் ஒரு நியூட்ரினோ பட்டது. வந்த திசையில் தேடியபோது நின்றது இந்த மண்டலம்தான். அதன் நடுவிலிருக்கும் கருந்துளை அப்போது சீறிக்கொண்டிருந்தது. 2022-இல் அதே ஐஸ்கியூப், செய்ஃபெர்ட் 1943-இல் எழுதிய ஆறு மண்டலங்களில் ஒன்றான என்ஜிசி 1068-இன் திசையிலிருந்து சுமார் 80 நியூட்ரினோக்கள் கூடுதலாக வந்திருப்பதை அறிவித்தது. அங்கே இருக்கும் கருந்துளையை நீராவி அலைகள் ஏற்கெனவே நிறுத்து வைத்திருந்தன: ஒரு கோடிச் சூரியன் அளவில். வேப்பமரத்தடியில் நான் சொன்ன அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

பொட்டிப்புரத்தில் ஆய்வகம் வரவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 நவம்பரில் வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. மலையும் தண்ணீரும் காடும் பற்றி ஊர் கேட்ட கேள்விகளை அடுத்த அத்தியாயத்தில் விரிவாக எழுதுவேன். என் தீர்ப்பை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வேப்பமரத்தடிப் பெரியவர் கேட்டது போன்ற கேள்விகளுக்கு, கோப்புகள் டெல்லிக்குப் போகும் முன்பே, அந்த ஊர்த் தமிழில், அந்த ஊர் மரத்தடியில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். அது அறிவியலாளர்கள் ஊருக்குச் செய்யும் உபகாரம் அல்ல. ஊருக்குத் தர வேண்டிய கடன்.

தேனிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரை பிறந்த முதல் வாரத்தில், நிலா இல்லாத ஒரு விடிகாலை நாலரை மணிவாக்கில், ஊர் விளக்குகளைத் தாண்டிப் போய் நேர் தெற்கே பாருங்கள். தேளின் கொடுக்கு நுனியில் மூலம் மின்னும். கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கி, அந்த முஷ்டியின் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக மூலத்துக்கு மேலே அளந்துகொள்ளுங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே, பாதிக்குச் சற்று மேலே வரும். அந்த இடத்தில், 27,000 ஒளியாண்டு ஆழத்தில், நாம் காகிதத்தில் நிறுத்த ஏறக்குறைய 40 லட்சம் சூரியன் இருக்கிறது. போகும்போது வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

(தொடரும்)